ஸஹீஹ் எனும் அளவுகோல்
நோயற்ற குதிரையின் உடல்நீரும் அறிவின் வரலாறும்

அரபுக் கல்லூரியின் முதல் வகுப்பில் ஸர்ஃப் எனும் சொல்லிலக்கணத்தைத் தொடங்கும்போது வினைச்சொற்களை இரு பெரும் பிரிவுகளாகப் பகுத்துக் காட்டுகிறோம். மூல எழுத்துகளுள் அலிஃப், வாவ், யா ஆகிய மூன்றில் ஒன்றும் இடம்பெறாத வினை ஸஹீஹ். அவற்றுள் ஒன்று இடம்பெற்றுவிட்டால் அது முஃதல். முன்னதற்கு நலமுடையது என்பது பொருள். பின்னதற்கு நோயுற்றது என்பது பொருள். பாடநூல்கள் ஸஹீஹையே முதலில் வைக்கின்றன. ‘நஸர’ என்னும் வாய்பாடு நாவில் படிந்த பிறகே ‘கால’ என்னும் வினையில் எந்த எழுத்து எங்கே மறைந்தது என்பதை மாணவர் உணர்கிறார். நலமான வடிவம் மனத்தில் இல்லாதவருக்கு நோயுற்ற வடிவம் நோயுற்றதாகவே தெரிவதில்லை.

ஹதீஸ் கலையிலும் இவ்வொழுங்கையே காண்கிறோம். குறையற்ற அறிவிப்புக்கு ஸஹீஹ் என்று பெயர். மறைந்து நிற்கும் குறைக்கு இல்லத், அதாவது நோய், என்று பெயர். ஹிஜ்ரி 643இல் (கி.பி. 1245) மறைந்த இமாம் இப்னுஸ் ஸலாஹ் அவர்கள் தமது முகத்திமாவில் ஹதீஸ் கலையை 65 வகைகளாகப் பகுத்துரைத்தபோது முதல் வகையாக ஸஹீஹையே நிறுத்தினார்கள்.

உடலைக் குறித்து வழங்கிய இச்சொற்களை இலக்கணமும் ஹதீஸ் கலையும் எடுத்தாண்டன. அவற்றை மீண்டும் உடலுக்கே பொருத்திப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம். நாம் எடுத்துக்கொள்ளும் உடல் குதிரையினுடையது. நலமான குதிரையின் குருதியிலும் பிற உடல்நீர்களிலும் உள்ள புரதங்களை ஆய்வுக்கூடத்தில் அளந்தறியும் கலை எவ்வாறு உருவானது, அக்கலை உருவாகும் முன்பும் பின்பும் நலத்தை அறியாமையால் நேர்ந்த இழப்பு யாது என்பதைச் சுருங்கக் காண்போம்.

ஒரு கேள்வி

இக்கட்டுரைக்குக் காரணமான நிகழ்ச்சியைச் சொல்லிவிடுதல் முறையாகும். சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு விழா மேடையில், இன்றைய கால்நடை ஆய்வுக்கூடங்கள் கண்டறிபவை யாவும் அரபு மருத்துவர்களின் பைத்தரா நூல்களில் முன்பே எழுதப்பட்டுள்ளன என்று நாம் பேசினோம். அவையும் மகிழ்ந்தது. மறுநாள் நம் பழைய மாணவர் ஒருவர் இல்லம் தேடி வந்தார். மதரஸாக் கல்விக்குப் பின் கால்நடை மருத்துவம் பயின்றவர் அவர். பையிலிருந்து சிறு கண்ணாடிக் குழாய் ஒன்றை எடுத்து மேசைமீது வைத்தார். அடியில் கருஞ்சிவப்புப் படிவு. அதன்மேல் பொன்மஞ்சள் நிறத்தில் தெளிந்த நீர்.

“இது குதிரையின் குருதி ஹஜ்ரத். இந்தக் குதிரைக்கு நோய் உண்டா, இல்லையா?” என்று கேட்டார். மஞ்சள் நிறத்தைக் கண்ட நாம் காமாலை என்றோம். அவர் பணிவோடு மறுத்தார். “முழு நலமுள்ள குதிரை ஹஜ்ரத். மனிதனின் பிளாஸ்மாவைவிடக் குதிரையின் பிளாஸ்மா இயல்பிலேயே மஞ்சள் மிகுந்தது. நேற்று நீங்கள் சொன்ன கிதாபுகளில் இது எந்தப் பக்கத்தில் இருக்கிறது?” என்றார். நம்மிடம் விடை இல்லை.

அன்று தொடங்கிய வாசிப்பின் பயனே இது. மேடையில் சொன்னதைத் திருத்திக்கொள்ளும் கடமையும் நமக்கு உண்டு.

இரு கலைகள்

திருக்குர்ஆனின் நூறாவது அத்தியாயம் மூச்சிரைக்க விரையும் குதிரைகளின் மீது ஆணையிட்டே தொடங்குகிறது. போருக்கும் பயணத்துக்கும் அஞ்சலுக்கும் குதிரையை நம்பி நின்ற ஒரு நாகரிகம் அதைப் பற்றி விரிவாக எழுதியதில் வியப்பில்லை. அப்பாஸியரின் குதிரைகளோடு தொடர்புடைய குடும்பத்தில் தோன்றிய இப்னு அகீ ஹிஸாம் ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில் குதிரையேற்றத்தையும் குதிரை மருத்துவத்தையும் ஒருசேர விளக்கும் நூலை இயற்றினார். அதே நூற்றாண்டில் கிரேக்கக் குதிரை மருத்துவ நூல்களும் அரபுக்கு வந்தன. ஹிஜ்ரி 605இல் (கி.பி. 1209) பக்தாதில் படியெடுக்கப்பட்ட இப்னுல் அஹ்னஃபின் பைத்தரா நூல், குதிரைக்கு மருத்துவம் செய்வோரின் வண்ணப் படங்களுடன் இன்றும் கெய்ரோவின் தாருல் குதுபில் உள்ளது.

இவ்வரிசையின் உச்சமாக அறிஞர்கள் கருதுவது, மம்லூக் சுல்தான் அந்நாஸிர் முஹம்மத் இப்னு கலாவூனின் அவையில் பணியாற்றிய அபூபக்ர் இப்னுல் முன்திர் எழுதிய நூல். சுல்தானின் பெயரால் அது அந்நாஸிரீ என வழங்கிற்று. 19ஆம் நூற்றாண்டில் பெரோன் என்பார் அதைப் பிரெஞ்சு மொழிக்குக் கொண்டுசென்றார். அந்நூலின் இயற்பெயர் ‘காமிலுஸ் ஸினாஅத்தைன்’ எனத் தொடங்குகிறது. இரு கலைகளின் நிறைவு என்பது அதன் பொருள். ஒன்று பைத்தரா, நோயுற்ற குதிரைக்கு மருத்துவம் செய்யும் கலை. மற்றொன்று ஸர்தகா, நலமான குதிரையை வளர்த்துப் பேணிப் பழக்கும் கலை. இவ்விரண்டையும் ஒரே நூலுக்குள் இணையாக நிறுத்தியது ஆழ்ந்த கருத்துடையது. குதிரையின் நிறங்கள், பல்லைக் கொண்டு வயதறிதல், உறுப்புகளின் நேர்த்தி, நடையின் வகைகள், விரும்பத்தக்க பண்புகள், குறைகள் ஆகியவற்றை அறிந்தவரே நோயைப் பற்றிப் பேசத் தகுதியுடையவர் என்பது அவ்வமைப்பின் உட்பொருள். ஹிஜ்ரி 428இல் (கி.பி. 1037) மறைந்த இப்னு சீனாவும் மருத்துவத்தை வரையறுக்கும்போது இருக்கும் நலத்தைக் காப்பதையும் இழந்த நலத்தை மீட்பதையும் சேர்த்தே சொன்னார்.

ஆனால் அவர்களுடைய அளவுகோல் எது? கண், கை, காது, மூக்கு. குதிரையின் விழியையும் மூச்சையும் வியர்வையையும் சாணத்தையும் சிறுநீரையும் அவர்கள் உற்றுநோக்கினார்கள். நரம்பு கீறிக் குருதி வெளியேற்றும் ஃபஸ்த் அவர்களது அன்றாடச் சிகிச்சைகளுள் ஒன்று. அக்குருதியில் கரைந்து நிற்கும் பொருள்களைப் பிரித்தறியும் கருவி அவர்களிடம் இல்லை. புரதம் என்னும் கருத்தே 19ஆம் நூற்றாண்டில்தான் உருப்பெற்றது. அவர்கள் அறியாததை அறிந்தார்கள் என்று சொல்வது அவர்களுக்குச் செய்யும் மரியாதை ஆகாது. தாம் கண்டதைக் கண்டவாறே எழுதிய அந்த நேர்மையைப் போற்றுவோர், அவர்களைக் குறித்து எழுதும்போதும் அதே நேர்மையைக் கைக்கொள்ளுதல் வேண்டும்.

காயல் துறையில் இறங்கிய குதிரைகள்

நலமான குதிரையைப் பற்றிய அறிவு குதிரையோடு சேர்ந்து பயணம் செய்யாதபோது நேரும் இழப்புக்குத் தமிழகக் கரையே ஒரு சான்று. கி.பி. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டியரின் மஅபர் நாட்டுக்குப் பாரசீக வளைகுடாவிலிருந்து ஆண்டுதோறும் குதிரைகள் வந்தன. கீஷ் தீவின் வணிகத் தலைவர் ஜமாலுத்தீன் இப்ராஹீம் தம் பங்காக 1,400 குதிரைகளை ஆண்டுதோறும் அனுப்ப உடன்பாடு செய்திருந்தார் என்றும், ஒரு குதிரையின் விலை 220 செம்பொன் தீனார் என்றும் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதுகிறார். காயல் உள்ளிட்ட துறைகளில் அக்குதிரைகள் இறங்கின.

அவற்றுள் பெரும்பாலானவை ஆண்டு முடிவதற்குள் மடிந்தன என்று அக்கரைக்கு வந்து சென்ற மார்க்கோ போலோ கூறுகிறார். குதிரையைப் பேணத் தெரிந்தோர் இங்கு இல்லை என்பது அவர் சொல்லும் காரணம். இலாடம் கட்டுவோரும் குதிரை மருத்துவரும் இங்கு வந்துவிடாதபடி வணிகர்களே பார்த்துக்கொண்டார்கள் என்றும், குதிரைகள் மடிந்தால்தான் மறு ஆண்டும் விற்பனை நடக்கும் என்பது அவர்கள் கணக்கு என்றும் அவர் சேர்த்துச் சொல்கிறார். வறுத்த தானியமும் நெய்யும் காய்ச்சிய பசும்பாலும் ஊட்டிக் கட்டிவைத்தார்கள் என்று வஸ்ஸாஃப் வியந்து எழுதுகிறார். பயணிகளின் கூற்றில் மிகை இருக்கலாம். எனினும் இருவர் கூற்றும் ஒரே குறையைச் சுட்டுகின்றன. குதிரை வந்தது, ஸர்தகா வரவில்லை. நலமான குதிரை எதைத் தின்னும், எவ்வளவு நடக்கும், எப்படி நிற்கும் என்ற அறிவு கடலுக்கு அப்பாலேயே நின்றுவிட்டது. வணிகர்கள் அதைத் தெரிந்தே தடுத்திருந்தால், அறிவை மறைத்துப் பொருளீட்டிய அச்செயலை, அதைச் செய்தோர் நம்மவர் என்பதற்காக, மூடிமறைக்க வேண்டியதில்லை.

கண்ணாடிக் கலத்தில் குருதி

இனி நம் மாணவர் காட்டிய கண்ணாடிக் குழாய்க்குத் திரும்புவோம். கிரேக்கர் வகுத்து அரபு மருத்துவர் விரித்த நான்கு கலிதுகளின் கோட்பாட்டை வாசகர் அறிவர். குருதி, கபம், மஞ்சள் பித்தம், கரும்பித்தம் என்பன அவை. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஸ்வீடன் நாட்டு மருத்துவர் ராபின் ஃபோரியஸ் ஒரு கருத்தை முன்வைத்தார். குருதியைக் கண்ணாடிக் கலத்தில் அசையாமல் வைத்தால் அடியில் கருநிறக் கட்டியும், அதன்மேல் செந்நிற அடுக்கும், அதன்மேல் வெளிறிய படலமும், உச்சியில் மஞ்சள் நீரும் தனித்தனியே தோன்றும். இந்தக் காட்சியிலிருந்தே நான்கு கலிதுகள் என்ற எண்ணம் பிறந்திருக்கக்கூடும் என்றார் அவர். இது ஒரு கருதுகோளே என்றாலும், பழைய மருத்துவர்களின் கூற்றுக்குக் கண்ணால் கண்ட ஓர் அடிப்படை இருந்திருக்கலாம் என்பதை எண்ணிப் பார்க்க வைக்கிறது.

அந்த வெளிறிய படலத்தில்தான் நம் பொருளுக்கு வேண்டிய பாடம் அடங்கியுள்ளது. மனிதக் குருதியில் அப்படலம் தடித்துத் தோன்றினால் உடலில் அழற்சி உண்டு என்று ஐரோப்பிய மருத்துவர்கள் நெடுங்காலம் கொண்டார்கள். ஆனால் முழு நலமுள்ள குதிரையின் குருதியிலும் அப்படலம் உருவாகிறது. குதிரையின் செவ்வணுக்கள் காசுகளை அடுக்கியதுபோல் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி விரைந்து கீழே படிந்துவிடுவதே அதற்குக் காரணம். அணுக்களை அவ்வாறு ஒட்டச் செய்வதில் பிளாஸ்மாவிலுள்ள புரதங்களுக்கு, குறிப்பாக ஃபைப்ரினோஜனுக்கு, பெரும் பங்குண்டு. ஆக, மனிதனிடத்தில் நோயின் அடையாளம் குதிரையிடத்தில் நலத்தின் இயல்பு.

இதே உண்மை பிற நீர்களிலும் உண்டு. நலமான குதிரையின் சிறுநீர் கலங்கலாகவே இருக்கும். சுண்ணச்சத்துப் படிகங்களும் சளிப்பொருளும் அதில் இயல்பாகக் கலந்திருக்கும். அது காரத்தன்மை மிக்கதாதலால், மனிதருக்கெனச் செய்யப்பட்ட சோதனைத் தாளை அதில் நனைத்தால் இல்லாத புரதத்தை இருப்பதாகக் காட்டிவிடுவதும் உண்டு. ஓர் இனத்தின் ஸஹீஹைக் கொண்டு மற்றோர் இனத்துக்குத் தீர்ப்பளித்தால் குற்றமற்றது குற்றவாளி ஆகிவிடும்.

குதிரைக் குருதியின் இவ்வியல்பே அதை ஆய்வுக்கு உகந்ததாகவும் ஆக்கியது. சுழற்றிப் பிரிக்கும் கருவிகள் பரவாத காலத்தில், தானாகவே அணுக்கள் படிந்து தெளிந்த பிளாஸ்மா மேலே நிற்கும் குருதி ஆய்வாளருக்கு அரிய வாய்ப்பு. உப்சாலா நகரப் பேராசிரியர் ஓலோஃப் ஹம்மார்ஸ்டன் 1870களில் குதிரைப் பிளாஸ்மாவிலிருந்து உப்பைக் கொண்டு ஃபைப்ரினோஜனைத் தூய்மையாகப் பிரித்தார். 1894இல் ஜெர்மனியில் குயூர்பர் என்பார் குதிரையின் சீரத்திலிருந்து அல்புமின் எனும் புரதத்தைப் படிகமாக்கினார். குருதி உறைந்தபின் ஊறி நிற்கும் நீரே சீரம்.

செயிண்ட் லூயிஸ், 1901

அந்த 1894ஆம் ஆண்டிலேயே குதிரையின் சீரம் மனித உயிரோடு நேரடியாகத் தொடர்பு கொண்டது. நோய் நச்சுக்கு எதிரான ஆற்றல் சீரத்தில் உருவாகிறது என்பதை 1890இல் பேரிங், கிட்டசாட்டோ ஆகிய இருவரும் நிறுவினர். அவ்வாற்றலைக் குதிரையின் உடலில் பேரளவில் உருவாக்கலாம் என்று கண்ட பாரிஸ் அறிஞர் எமில் ரூ, தொண்டை அடைப்பான் நோயால் மூச்சுமுட்டிய குழந்தைகளுக்கு அச்சீரத்தைச் செலுத்தி, இறப்பு பாதியாகக் குறைந்ததை 1894இல் புடாபெஸ்ட் மாநாட்டில் அறிவித்தார். நகரங்கள் குதிரைகளை வாங்கிச் சீரம் தயாரிக்கத் தொடங்கின.

அமெரிக்காவின் செயிண்ட் லூயிஸ் நகரில் ஜிம் என்ற குதிரை அப்பணியில் இருந்தது. முன்பு வண்டியிழுத்த முதிய குதிரை அது. 1901 அக்டோபர் 2 அன்று அதற்கு இரண ஜன்னி எனும் டெட்டனஸ் கண்டது தெரிந்து, அதைக் கொன்றுவிட்டார்கள். ஆனால் செப்டம்பர் 30 அன்று அதன் உடலிலிருந்து எடுத்த குருதியின் சீரம் அழிக்கப்படவில்லை. குப்பிகளில் அடைக்கப்பட்டு மருத்துவர்களின் கைகளுக்குச் சென்றது. தொண்டை அடைப்பானிலிருந்து மீட்பதற்கென அச்சீரத்தைப் பெற்ற குழந்தைகளுள் 13 பேர் டெட்டனஸ் கண்டு இறந்தனர்.

அந்தச் செப்டம்பர் 30ஆம் நாளைச் சிறிது எண்ணிப் பார்க்க வேண்டும். நோய்க்குறி வெளிப்படுமுன்பே குதிரையின் குருதியில் நச்சு கலந்திருந்தது. கண்ணால் காணும் நலம் அன்று பொய்த்துவிட்டது. அந்த நச்சும் ஒரு புரதமே. குழந்தைகளைக் காக்க வந்த எதிர்ப்பொருளும் ஒரு புரதமே. இரண்டும் ஒரே பொன்மஞ்சள் நீரில், கண்ணுக்கு வேறுபாடின்றிக் கரைந்து நின்றன. குப்பியை வெளியே அனுப்பும் முன் ஒரு சிறு விலங்கிடம் சோதித்துப் பார்த்திருந்தால் அந்நச்சு வெளிப்பட்டிருக்கும். அத்துயரத்தை அடுத்து 1902இல் அமெரிக்கா உயிரியல் மருந்துகளைக் கட்டுப்படுத்தும் சட்டத்தை இயற்றியது.

இது எங்கோ நடந்த பழைய செய்தி என்று நாம் கடந்துவிட இயலாது. நம் ஊர்களில் பாம்பு தீண்டியவருக்கு மருத்துவமனையில் ஏற்றப்படும் நச்சுமுறி மருந்து இன்றும் குதிரையின் பிளாஸ்மாவிலிருந்தே ஆக்கப்படுகிறது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சைச் சிறிது சிறிதாகக் குதிரைக்குச் செலுத்தி எதிர்ப்பொருளை உருவாக்குகிறார்கள். அந்நஞ்சைச் சேகரிக்கும் பணியில் மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் உள்ள இருளர் கூட்டுறவுச் சங்கம் பல்லாண்டுகளாகப் பெயர் பெற்றது. வயலில் பாம்பு தீண்டிய உழவரின் உயிர், எங்கோ ஒரு லாயத்தில் நிற்கும் குதிரையின் நலத்தோடு பிணைந்திருக்கிறது.

உப்சாலாவின் ஒளிக்கோடுகள்

சீரத்தினுள் இருக்கும் புரதங்களைத் தனித்தனியே காணும் வழி 1937இல் திறந்தது. அதே உப்சாலாவில் ஆர்னே டிசேலியஸ் ஒரு கருவியை அமைத்தார். புரதங்கள் மின்னேற்றம் உடையவை. மின்புலத்தில் வைத்தால் ஒவ்வொன்றும் தன் மின்னேற்றத்துக்கு ஏற்ற விரைவில் நகரும். எலக்ட்ரோஃபோரசிஸ் எனும் இம்முறையில் அவர் குதிரையின் சீரத்தைச் செலுத்தியபோது, ஒரே நீராகத் தோன்றியது நான்கு எல்லைகளாகப் பிரிந்து நின்றது. விரைந்து சென்றது அல்புமின். பின்தங்கிய மூன்றுக்கும் ஆல்ஃபா, பீட்டா, காமா என்று கிரேக்க எழுத்துகளால் பெயரிட்டார். இன்று உலகெங்கும் மருத்துவ அறிக்கைகளில் வழங்கும் இப்பெயர்கள் குதிரையின் குருதியைக் கொண்டு இடப்பட்டவை. 1948இல் அவருக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

தொடர்ந்து நடந்த ஆய்வுகளில் நோயெதிர்க்கும் எதிர்ப்பொருள் பெரும்பாலும் காமாப் பகுதியில் உள்ளது என்பது தெளிவாயிற்று. 1940களின் தொடக்கத்தில், மீண்டும் மீண்டும் நச்சு செலுத்தப்பட்ட குதிரைகளின் சீரத்தில் பீட்டாவுக்கும் காமாவுக்கும் நடுவே புதியதொரு பகுதி எழுவதைக் கண்டார்கள். அது புதியது என்று எவ்வாறு தெரிந்தது? எதுவும் செலுத்தப்படாத நலமான குதிரையின் சீரம் முன்பே பதிவாகியிருந்ததால் தெரிந்தது. ஸஹீஹ் முதலில், முஃதல் பிறகு என்ற ஸர்ஃப் ஆசிரியரின் ஒழுங்கு அங்கும் பிழையாது நின்றது.

அதன்பின் கருவிகள் எளிமையாயின. நீரில் நகர்ந்த புரதம் தாளிலும், பின்பு கூழ்ப்படலத்திலும் நகர்ந்து சாயத்தில் பட்டைகளாகத் தெரிந்தது. 1975இல் ஒரே படலத்தில் இரு திசைகளில் பிரித்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட புள்ளிகளைக் காணும் முறை வந்தது. ட்விலைட் என்ற பெட்டைக் குதிரையின் மரபணுத்தொகுதி 2009இல் விரிவாக வெளியிடப்பட்டபின், நிறைமானி கொண்டு ஒவ்வொரு புரதத்தின் பெயரையும் கண்டறிவது எளிதாயிற்று.

நலத்தின் எண்கள்

இவ்வளவு உழைப்பின் பயனாய் நலமான குதிரையின் உடல்நீர் பற்றி நாம் அறிவது யாது? ஒரு டெசிலிட்டர் சீரத்தில் ஏறத்தாழ 5.5 முதல் 7.5 கிராம் புரதம் உண்டு. வயிற்றறையைச் சூழ்ந்த நீரில் அது பொதுவாக 2.5 கிராமுக்குக் கீழ். மூட்டுகளை வழவழப்பாக்கும் நீரில் ஏறத்தாழ 2 கிராமுக்குக் கீழ். மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்த நீரிலோ ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கைப் பொதுவாகத் தாண்டுவதில்லை. ஒரே உடலுக்குள் நீருக்கு நீர் இவ்வேறுபாட்டை உறுப்புகளின் சவ்வுகள் காவலர்போல் நின்று காக்கின்றன. மூட்டு நீரில் புரதம் ஏறினால் அங்கே காவல் தளர்ந்தது என்று பொருள். வயிற்று வலியால் துடிக்கும் குதிரையின் வயிற்றறை நீரில் புரதம் உயர்ந்திருந்தால் குடல் கேடுற்றிருக்கலாம் என்று மருத்துவர் விரைகிறார். அறுவைக்கு ஏற்றுவதா, காத்திருப்பதா என்ற முடிவில் அந்த எண்ணுக்கும் பங்குண்டு.

சில புரதங்கள் நலத்தில் ஏறத்தாழ இல்லாமலே இருப்பதால் பயன்படுகின்றன. சீரம் அமிலாய்டு ஏ என்பது அவற்றுள் ஒன்று. நலமான குதிரையின் ஒரு லிட்டர் சீரத்தில் அது பொதுவாக 20 மில்லிகிராமுக்குக் கீழே கிடக்கும். அழற்சி தொடங்கிய சில மணி நேரங்களில் உயரத் தொடங்கி நூறு மடங்குக்கு மேலும் செல்லும். குதிரை தலை தொங்கவிடும் முன்பே நீர் பேசிவிடுகிறது.

நலம் வயதுக்கு வயது மாறும் என்பதற்குப் பிறந்த குட்டியே சான்று. குதிரையின் நஞ்சுக்கொடி வழியே தாயின் எதிர்ப்பொருள் குட்டிக்குச் செல்வதில்லை. ஆகவே நலமாகப் பிறந்த குட்டியின் சீரத்தில் காமாப் பகுதி ஏறத்தாழ வெறுமையாகவே இருக்கும். முதல் ஒரு நாளுக்குள் அது குடிக்கும் சீம்பாலே அந்த வெறுமையை நிரப்புகிறது. அதன்பின் குடலின் வாயில் மூடிவிடும். ஒரு டெசிலிட்டரில் 800 மில்லிகிராம் எதிர்ப்பொருள் சேர்ந்திருந்தால் போதுமானது என்பர்; 400க்குக் கீழ் என்றால் குட்டியின் உயிருக்கு ஆபத்து. பிறந்த பொழுதில் நலமாகக் கொள்ளப்படும் அதே வெறுமை, மறுநாளும் நீடித்தால் நோயின் வாசலாகிவிடுகிறது.

எண்களைக் கையாள்வதிலும் எச்சரிக்கை வேண்டும். இயல்பான அளவு என்ற சொல் தவறாகக் கொள்ளப்படுவதைக் கண்ட கிராஸ்பெக், சாரிஸ் என்னும் ஃபின்லாந்து அறிஞர்கள் 1969இல் ஒப்பீட்டு அளவு என்ற சொல்லை முன்வைத்தார்கள். நலமானவை என முன்பே தேர்ந்த 120 குதிரைகளையேனும் அளந்து, இரு ஓரங்களிலும் உள்ள நூற்றுக்கு இரண்டரைப் பங்கினரை நீக்கி, நடுவில் எஞ்சும் 95 பங்கினரின் எல்லையைக் குறிப்பது இன்றைய வழக்கம். அப்படியானால் இருபது நலமான குதிரைகளில் ஒன்று அந்த எல்லைக்கு வெளியே நிற்கும். ஒன்றையொன்று சாராத இருபது சோதனைகளை ஒரு குதிரைக்குச் செய்தால், முழு நலமுள்ள நூறு குதிரைகளுள் 36 மட்டுமே எல்லாவற்றிலும் எல்லைக்குள் நிற்கும். எஞ்சிய 64 குதிரைகளின் தாளில் ஓர் எண்ணாவது சிவப்பில் இருக்கும். நம்பகமான அறிவிப்பாளர் ஓரிடத்தில் தனித்து நின்றால் உடனே அவரைப் பொய்யர் என்று தள்ளிவிடாத ஹதீஸ் கலையினரின் நிதானம் இங்கும் தேவைப்படுகிறது. தாளிலுள்ள எண்ணையும் லாயத்தில் நிற்கும் குதிரையையும் சேர்த்துப் பார்ப்பவரே மருத்துவர்.

முடிவாக

தொடக்கத்தில் நம் மாணவர் கேட்ட கேள்விக்கு இப்போது விடை சொல்லலாம். குதிரைப் பிளாஸ்மாவின் மஞ்சள் நிறத்தைக் கூறும் பக்கத்தை நாம் கிதாபில் காணவில்லை. புரதங்களின் பெயர்களும் அங்கில்லை. அவற்றைக் கண்டவர்கள் உப்சாலாவிலும் பாரிஸிலும் உழைத்தவர்கள். அப்பெருமை அவர்களுக்கே உரியது. அதில் பங்கு கேட்பது அமானிதத்துக்கு மாறானது. அன்று மேடையில் நாம் சொன்னதை இங்கே திரும்பப் பெறுகிறோம்.

கிதாபில் இருப்பது வேறொன்று. நோய்க்கு முன் நலத்தை எழுது என்ற ஒழுங்கு அங்கே இருக்கிறது. நோயுற்ற குதிரை எவரையும் தன்பால் அழைத்துவிடும். நலமான குதிரையோ எதையும் கேட்பதில்லை. கேளாத அதனிடம் சென்று பொறுமையாக அளந்து பதிவு செய்வோர் இல்லாவிடில், நோய் வந்த நாளில் மருத்துவர் கையில் அளவுகோல் இருக்காது. இப்னுல் முன்திர் கண்ணாலும் கையாலும் செய்த பணியை, இன்று ஆய்வுக்கூடத்தில் அமர்ந்து ஒரு நலமான குதிரையின் மூட்டு நீரைக் கூழ்ப்படலத்தில் ஓடவிடும் மாணவர் தொடர்ந்து செய்கிறார். அவருக்கு இப்னுல் முன்திரின் பெயர் தெரியாமல் இருக்கலாம். செய்யும் பணி ஒன்றே.

அந்தக் கண்ணாடிக் குழாயை நம் மாணவர் திரும்ப எடுத்துச் செல்லும் முன் ஒருமுறை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். காமாலை என்று நாம் தீர்ப்பளித்த அந்த மஞ்சள் நீரில் எந்தக் குறையும் இருக்கவில்லை. இவ்வாண்டு ஸர்ஃப் பாடம் தொடங்கியபோது, ஸஹீஹ் என்ற சொல்லைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, மாணவர்களுக்கு முதலில் இக்கதையையே சொன்னோம்.